இரண்டு மீட்டர் கம்பு

அந்த வசந்தத்தில் எங்கள் ஹார்கிளஃப் ஊரில் பெருந்தொற்று வந்து படுத்தவர்கள் ஒன்பது பேர். பெருந்தொற்றைச் சமாளிக்க வந்த குழுவால் அடிபட்டவர்கள் நாற்பத்தொரு பேர். வாய்க்கு வந்ததை நான் சொல்லவில்லை. குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதியவன் நான்தான். எட்வின் டாட்டர்சால் என்று பெயர். முப்பது வருஷம் நூற்பாலை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவன், ஒரு காற்புள்ளிகூடத் தவறவிட மாட்டான் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். அடித்தவர் பெயர், வாங்கியவர் பெயர், அடி விழுந்த இடம், கம்பின் நீளம் எல்லாம் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். கம்பின் நீளம் மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றுதான், இரண்டு மீட்டர்.

குழு வருவதற்கு முன்னால் ஊர் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரடங்கு அறிவித்த மறுநாளே பால்காரர் நாரிஸ் ஆஸ்பினால் தன் மின்வண்டியில் பாலோடு ரொட்டி, முட்டை, மருந்துக்கடைப் பொட்டலம் என்று ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நேற்று வைத்த பாட்டில் வாசல்படியில் அப்படியே இருந்தால் கதவைத் தட்டுவார். பதில் இல்லை என்றால் ஜன்னலைத் தட்டுவார். அதற்கும் பதில் இல்லை என்றால் உள்ளே போய்விடுவார். இப்படி இரண்டே வாரத்தில் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார்கள். நாங்கள் அவரைப் பாராட்டவில்லை, எங்கள் வட இங்கிலாந்து லங்காஷயரில் அந்தப் பழக்கம் கிடையாது. "மழை வரும்போல இருக்கு நாரிஸ்" என்று சொன்னோம். அவரும் புரிந்துகொண்டார்.

மூன்றாவது வாரம் மாவட்ட நிர்வாகம் எங்களுக்கு டாக்டர் ஃபிலிப்பா ரேபர்னை அனுப்பிவைத்தது. இவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. அமைப்புச் சிந்தனையில் பட்டம் வாங்கியவர். ஊர் என்பது ஓர் அமைப்பு, அதில் எல்லாமே எல்லாவற்றோடும் பிணைந்திருக்கிறது, அந்தப் பிணைப்பை முழுதாகப் புரிந்துகொள்ளாமல் எதன்மீதும் கைவைக்கக் கூடாது என்பது அந்தப் படிப்பின் சாரம். மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தில் நாற்காலிகளை இரண்டு மீட்டர் தள்ளித் தள்ளிப் போட்டு ஊரைக் கூட்டினார்கள். கவுன்சிலர் பெர்னார்ட் ஷட்டில்வொர்த் தலைமை தாங்கினார்.

"இருபத்தாறு வருஷமா இந்த ஊரை நான் நடத்திக்கிட்டு வரேன்," என்று கவுன்சிலர் தொடங்கினார். "இதுவரைக்கும் ஒரு முடிவுகூட எடுத்ததில்லை. அதனாலதான் நம்ம ஊர்ல ஒரு தப்பான முடிவுகூட இல்லை. இன்னிக்கு அதுக்கு ஒரு விஞ்ஞானமே இருக்குன்னு தெரியும்போது எனக்குக் கண்ணு கலங்குது."

டாக்டரம்மா எழுந்தார். முகம் நல்ல முகம்தான். குரலும் தேனாக இருந்தது.

"நீங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. அதுதான் இங்க பிரச்சினையே. நாரிஸ் கதவைத் தட்டுறார். ஏன் தட்டுறார்? பாட்டில் இருக்கு, அதனால தட்டுறார். இதுக்குப் பேர் நேர்கோட்டுச் சிந்தனை. அந்த ஒரு கதவைத் தட்டும்போது மத்த ரெண்டாயிரம் கதவுக்கும் அதுக்கும் என்ன உறவுன்னு அவர் ஒரு நிமிஷம் யோசிச்சாரா?"

நாரிஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "இல்லீங்கம்மா. ரெண்டாயிரம் கதவு என் ரூட்ல கிடையாது. முன்னூத்திப் பதினாறுதான்."

"பாத்தீங்களா, எல்லையை அவரே போட்டுக்கிறார்," என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னார். மண்டபமே நாரிஸைத் திரும்பிப் பார்த்தது. அவர் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார். அன்றே டாக்டரம்மா, கவுன்சிலர் உட்பட எட்டுப் பேர் கொண்ட குழு அமைந்தது, அன்றோடு கதவு தட்டுவது 'கட்டுப்பாடற்ற பாய்வு' என்று தடை செய்யப்பட்டது. பாலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்று நாரிஸுக்கு உத்தரவு.

அடுத்த நாள் மண்டபத்தின் பின்சுவரில் ஊரின் வரைபடம் எழும்ப ஆரம்பித்தது. பின்னல் சங்கப் பெண்கள் கம்பளி நூல் கொடுத்தார்கள். நல்லது நல்லதை வளர்த்தால் பச்சை நூல், கெட்டது கெட்டதை வளர்த்தால் சிவப்பு நூல், எங்கேயாவது தாமதம் ஆனால் சாம்பல் நூல். முதல் வாரம் முடிவதற்குள் சாம்பல் நூல் மூன்று கூடை செலவானது. நாரிஸ் பெயர் எழுதிய சீட்டை எங்கே குத்துவது என்று ஒரு மத்தியானம் முழுக்க விவாதித்தார்கள். பால் என்பது பொருளாதாரம், பொருளாதாரம் எதிர்ச்சுவரில் வரப்போகிறது, எதிர்ச்சுவரில் ஈரம் இருப்பதால் கோடையில்தான் குத்த முடியும் என்று முடிவாயிற்று. "அதுவரைக்கும் நான் எங்க இருக்கறது?" என்று நாரிஸ் கேட்டார். "நீங்க இப்போதைக்கு இல்லை" என்றார் கவுன்சிலர், மரியாதையாகவே.

கம்பு வந்த கதை தனி. நோய் பரவாமல் இருக்க ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும் என்று அரசாங்க உத்தரவு. இரண்டு மீட்டர் என்றால் எவ்வளவு என்பதில் எங்கள் ஊரில் ஒற்றுமை இல்லை. அதனால் குழு, தோட்டக்காரர் சங்கத்தில் அவரைக்கொடிக்கு நட்டிருந்த கம்புகளைப் பிடுங்கி, அளந்து வெட்டி, வீட்டுக்கு ஒன்று கொடுத்தது. எதிரில் ஆள் வந்தால் கம்பை நேராக நீட்டிப் பிடிக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

சுவர் வரைபடத்தில் பயத்திலிருந்து மாவுக்கு அம்புக்குறி போடுவதா, மாவிலிருந்து பயத்துக்குப் போடுவதா என்ற கேள்வியில் முதல் சண்டை வந்தது. ஜனங்கள் பயந்ததால்தான் கடையில் மாவு தீர்ந்தது என்றார் பாட்டுக்குழுத் தலைவி. மாவு தீர்ந்ததால்தான் ஜனங்கள் பயந்தார்கள் என்றார் ரொட்டிக்கடைக்காரர். சாதாரணக் காலமாக இருந்தால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருபது வருஷம் பேசாமல் இருந்திருப்பார்கள், எங்கள் ஊர் வழக்கம் அதுதான். இப்போது கையில் கம்பு இருந்தது. கிட்டப் போய்ச் சட்டையைப் பிடிக்கத் தடை. கையை முழுக்க நீட்டினால் கம்பின் நுனி எதிராளியின் மூக்கில் சரியாகப் போய் இடிக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ரொட்டிக்கடைக்காரருக்கு மூக்கெலும்பு நொறுங்கியது. பாட்டுக்குழுத் தலைவிக்கு முன்பல் இரண்டு போயிற்று. விலக்கப்போன கவுன்சிலருக்குக் கட்டுப்பல் செட்டே போயிற்று, அது தேநீர்க் கொதிகலனுக்கு அடியில் கிடைத்தது.

டாக்டரம்மா நாற்காலி மேல் ஏறி நின்று கைகொட்டினார். "பாருங்க, பாருங்க! அடிச்சவங்க வாங்குறாங்க, வாங்குனவங்க அடிக்கிறாங்க. இது வலுவூட்டும் சுழல். புத்தகத்துலகூட இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்லை!" ரத்தம் துடைக்க ஆள் வருவதற்குள் அந்தச் சண்டையைச் சிவப்பு நூலில் சுவரில் ஏற்றினார்கள். ஊரில் இருந்த சிவப்பு நூல் அத்தனையும் அதிலேயே தீர்ந்தது. கம்பளிக் கடை அவசியக் கடைகளின் பட்டியலில் இல்லை, பூட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு ஊரில் நடந்த எந்தக் கெட்டதையும் வரைபடத்தில் காட்ட வழியில்லாமல் போனது. "நிலைமை முன்னேறுது" என்று மாவட்டத்துக்கு அறிக்கை போனது.

இரண்டு பேர் சண்டைக்கே இப்படி என்றால் ஊருக்குக் காவல் வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ரக்பி கிளப் பையன்களுக்கு விளையாட்டு இல்லாமல் உடம்பு தினவெடுத்துக் கிடந்தது. பதினைந்து பேரை எடுத்து ஆளுக்கொரு கெட்டியான மரக் கம்பு கொடுத்தார்கள், அவரைக்கம்பு ஒடிந்துபோகிறதாம். சரியான இடத்தில் சின்னதாக ஒரு தள்ளு தள்ளினால் மொத்த அமைப்பும் மாறும், அந்த இடத்துக்கு நெம்புகோல் புள்ளி என்று பெயர் என்று டாக்டரம்மா அவர்களுக்குப் பாடம் எடுத்தார். முன்வரிசை ஆட்டக்காரன் டக்கி காட்டரால், நூற்றிருபது கிலோ, கையைத் தூக்கினான்.

"நான்தான் நெம்புகோல் புள்ளி. எங்க தள்ளணும்?"

அவனைக் காவல் தலைவன் ஆக்கினார்கள்.

ஒவ்வொரு வியாழனும் சாயங்காலம் எட்டு மணிக்கு எல்லோரும் வாசலுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் உழைப்பவர்களுக்காகக் கைதட்டுவதும் பாத்திரம் தட்டுவதும் அந்த வருஷத்து வழக்கம். முதல் வாரம் நான்கூட மனசு நிறைந்து தட்டினேன். டாக்டரம்மா அதில் ஓர் அளவுகோலைக் கண்டார். வெளியே வந்து தட்டுகிற வீடு நலமாக இருக்கிறது, ஊரோடு பிணைந்திருக்கிறது, அதற்குப் பச்சை. தட்டாத வீட்டுக்கு முதலில் டக்கி போவான், அடுத்து கடிதம் போகும். வீடு வீடாகப் போய் நலம் விசாரிக்கிற பழைய காட்டுமிராண்டித்தனம் இனி வேண்டாம், வாரத்துக்கு ஐந்து நிமிஷம் காதைத் தீட்டிக் கேட்டால் போதும் என்றார்.

இரண்டாவது வியாழன் மில் தெருவில் ஒரு வீட்டில் சத்தமே இல்லை. காவல் பையன்கள் கதவை இடித்துத் திறந்து, கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைக் காலைப் பிடித்து இழுத்து, படியில் உருட்டி, வாசலில் நிறுத்தித் தட்டச் சொன்னார்கள். அவளுக்குக் காறையெலும்பு முறிந்திருந்தது, கையைத் தூக்க முடியவில்லை. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். பதினாலு மணி நேர வேலை முடித்து வந்து படுத்தவள். மறுநாள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது கவுன்சிலர் தாடையில் கட்டோடு சொன்னார்: "நாம எல்லாரும் அவங்களுக்காகத் தட்டுறோம். அவங்களுக்கே அவங்கமேல அக்கறை இல்லைன்னா குழு என்ன செய்யும்?" நான் அதையும் எழுதினேன். கை கூசியது, ஆனாலும் எழுதினேன்.

அடுத்த வியாழன் ஊரே தட்டியது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தட்டினார்கள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே தட்டினார்கள், பாத்திரம் நெளியும்வரை தட்டினார்கள்.

நான் குடியிருக்கிற டேனர்ஸ் ரோவில் பதினாலாம் எண் வீடு சிரில் பார்டலுடையது. நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர், தனி ஆள், சர்க்கரைக்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்பவர். வாய் கொஞ்சம் நீளம். அடுத்த வீட்டில் ஐரீன் லோமாக்ஸ், பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஈக்குக்கூட 'மன்னிக்கணும்' சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கிற ரகம். அந்த வியாழன் சிரில் வாசலுக்கு வரவில்லை. "நாப்பது வருஷம் ஓட்டினேன், ஒரு பயல் எனக்குக் கைதட்டினானா?" என்று அவர் போன வாரம் சொன்னது ஐரீனுக்கு ஞாபகம் இருந்தது. கோபத்தில் உள்ளேயே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். போய்க் கேட்டால் தொந்தரவாக இருக்கும். கேட்காமல் விட்டால் டக்கி வருவான். ஐரீன் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, வலது கையால் தன் பாத்திரத்தையும், இடது கையில் கரண்டி பிடித்துச் சிரில் வீட்டு இரும்புக் கிராதியையும் ஐந்து நிமிஷம் தட்டினார். தெருமுனையில் நின்ற காவல் பையனுக்கு இரண்டு வீட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு பச்சை போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை நாரிஸ் பதினாலாம் எண் வாசலில் பாட்டில் வைக்கக் குனிந்தார். அங்கே ஏற்கெனவே புதன், வியாழன் பாட்டில்கள் இருந்தன. மூன்றாவதையும் வைத்துவிட்டு வண்டிக்குப் போனார், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. வண்டியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் போலீஸுக்குப் போன் செய்தார். நலம் விசாரிக்கிற வேலை இப்போது உங்கள் ஊர்க் குழுவிடம் போய்விட்டது, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். பத்து மணிக்கு மண்டபத்துக்கு வந்தார்.

"சிரில் வாசல்ல மூணு பாட்டில் நிக்குது ஐயா. கதவைத் தட்ட அனுமதி குடுங்க."

கவுன்சிலர் சுவரைப் பார்த்தார். "சிரில் பச்சை."

"பால் திரிஞ்சுபோய் நிக்குது."

"நேத்து நல்லாத் தட்டியிருக்கார். பக்கத்து வீட்டம்மாவைவிட உரக்கத் தட்டியிருக்கார்னு குறிப்பு இருக்கு. எட்வின், இருக்கில்ல?"

இருந்தது. நான் தலையாட்டினேன்.

டாக்டரம்மா பரிவோடு நாரிஸ் பக்கம் திரும்பினார். "பாட்டில் ஒண்ணுன்னா அது நிகழ்வு. ரெண்டுன்னா தற்செயல். மூணு… சுவாரசியமாத்தான் இருக்கு. நாலு இருந்தாத்தான் அதைப் போக்குன்னு சொல்ல முடியும். நாளைக்கும் ஒண்ணு வைங்க, பாக்கலாம்."

"நாளைக்கா? அவர் சர்க்கரைக்காரர்மா. ஊசி போட்டுக்கறவர்."

"நாரிஸ், பனிப்பாறையில தண்ணிக்கு மேல தெரியறது நுனி மட்டும்தான். நீங்க மறுபடியும் நுனியையே பாக்கறீங்க."

"நான் பாட்டிலைப் பாக்கறேன்," என்றார் நாரிஸ். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

குறிப்புப் புத்தகத்தோடு நானும் பின்னால் போனேன். டேனர்ஸ் ரோ முனையில் டக்கியும் நாலு பேரும் நின்றார்கள்.

"எங்க போறீங்கண்ணே?"

"பதினாலுக்கு. வழிவிடு டக்கி. உங்கப்பனுக்கு மாரடைப்பு வந்தப்போ யாருடா கதவை உடைச்சது?"

"அது நீங்கதாண்ணே. அது நேர்கோட்டுச் சிந்தனை. இப்போ நான் அமைப்பு."

நாரிஸ் நடந்தார். முதல் அடி முழங்காலில் விழுந்தது. விழுந்தவர் எழுந்தார். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார், கை இரண்டு இடத்தில் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காதில் ஒன்று விழுந்து காது பாதி கிழிந்து தொங்கியது. தவழ்ந்தார். ஐந்து பேரும் இடைவெளியைக் கவனமாகக் காத்துக்கொண்டு சுற்றி நின்று அடித்தார்கள், யாரும் யாரையும் நெருங்கவில்லை. அவருடைய வண்டியைக் கவிழ்த்தார்கள். உடைந்த கண்ணாடியும் பாலும் ரத்தமும் கற்பாவிய தெருவில் ஓடின. பன்னிரண்டாம் எண் வீட்டு வாசல்வரை தவழ்ந்துபோய், அதற்குமேல் முடியாமல் கிடந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

ஜன்னலில் இருந்து பார்த்த ஐரீன் பின்வாசல் வழியாக ஓடி, எனக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய்விட்டார். நான் நுழைந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தான் தட்டினேன். சிரில் தட்டலை. ரெண்டு வீட்டுக்கும் நானே தட்டினேன். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் நான் அவரைப் பாக்கவே இல்லை. தயவுபண்ணி யாராவது வாங்க!"

டாக்டரம்மாவின் கண்ணில் நீர் கோத்தது. எனக்கு ஒரு கணம் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

"பொய்ச் சமிக்ஞை," என்று மெல்லச் சொன்னார். "நாம அளந்ததாலேயே ஜனங்க அளவைப் பொய்யாக்கிட்டாங்க. தாமதத்தோட சேர்ந்த இரண்டாம் நிலைச் சுழல்! ஐரீன், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. இதை உடனே சுவர்ல ஏத்தணும். சிவப்பு நூல் எங்க?"

சிவப்பு நூல் இல்லை. பின்னல் சங்கத் தலைவி சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார். எல்லோர் கண்ணும் அவர்மேல் விழுந்தது. அவர் கம்பை எடுத்தார். ஸ்வெட்டரின் ஒரு நுனி கவுன்சிலர் கையிலும் மறு நுனி பாட்டுக்குழுவின் கையிலும் சிக்க, கொதிகலன் கவிழ்ந்து நாலு பேருக்குக் கால் வெந்தது. நாற்காலிகள் பறந்தன. ஒருவருக்குக் கண்ணில் கம்பு குத்தியது. அடிபட்டவர் ஏழு என்று எழுதியிருக்கிறேன், இரண்டு பேரை நாற்காலிகளுக்கு அடியில் பிறகுதான் கண்டுபிடித்தோம். ஐரீன் நடுவில் நின்று, "யாராவது கதவைத் திறங்களேன், யாராவது கதவைத் திறங்களேன்" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவர் குரல் உயர்ந்து ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஸ்வெட்டர் பிரிந்து, நூல் சுவரில் ஏறி, தேநீர் குடித்து, வாக்கெடுத்து, பதினாலாம் எண்ணில் தலையிடலாம் என்று ஐந்துக்கு மூன்று என்ற வாக்குக் கணக்கில் முடிவானபோது மத்தியானம் மணி மூன்று நாற்பது.

தெருவே கூடியது. நாரிஸ் இன்னும் அங்கேயேதான் கிடந்தார், ஆம்புலன்ஸ் கூப்பிட வரைபடத்தில் வழி இல்லை. ஐரீன் டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கும்மா. பத்தொம்பது வருஷமா அங்கதான் இருக்கு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவார்னு சொன்னதில்லை. ஒரு நிமிஷம், நான் எடுக்கறேன்."

டாக்டரம்மா கம்பை நீட்டி அவரை நிறுத்தினார். "சாவிங்கறது மேலோட்டமான தலையீடு ஐரீன். அறிகுறிக்கு வைத்தியம் பண்ற மாதிரி. நாம கதவுங்கற கட்டமைப்பையே மாத்தப்போறோம். டக்கி!"

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கதவின் அடிப்பக்கத்தில், தரையோடு தரையாக, மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு இன்னும் ஒரு தட்டு. தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

"இருக்காரு!" என்று நாரிஸ் தரையிலிருந்து கத்தினார். "கதவுக்குப் பின்னாடியே கிடக்காரு! டேய் டக்கி, நில்லுடா!"

டக்கி நின்று டாக்டரம்மாவைப் பார்த்தான். அவன் முகத்தில் பழைய டக்கி கொஞ்சம் எட்டிப் பார்த்தான் என்றே நினைக்கிறேன்.

"அமைப்பு எதிர்ப்புக் காட்டுது," என்றார் டாக்டரம்மா. "மாற்றம் நெருங்கும்போது இப்படித்தான் காட்டும். இங்கதான் எல்லாரும் தயங்கி நிறுத்திடுவாங்க. நாம நிறுத்தக் கூடாது."

டக்கி எதிர்ச்சாரி வரைக்கும் பின்னால் போய் ஓடிவந்தான். நூறு வருஷத்து ஓக் கதவு, கீலோடு பெயர்ந்து உள்பக்கமாக விழுந்தது. அதன்மேல் நூற்றிருபது கிலோவும் விழுந்தது. கதவு தரையில் படியவில்லை. ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது.

சிரில் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார். மண்டையோடு நொறுங்கி இருந்தது. சர்க்கரை ஏறி மூன்று நாள் சமையலறையில் விழுந்து கிடந்திருக்கிறார், சத்தம் கேட்டு வாசல்வரை தவழ்ந்து வந்திருக்கிறார். அந்த அளவுக்குத் தெம்பு மிச்சம் இருந்தது என்றால் பிழைத்திருப்பார் என்று அங்கே இருந்த நிஜ டாக்டர் ஐரீனிடம் சொன்னாராம். நோய்த்தொற்று அவருக்கு இல்லை. அதனால் ஹார்கிளஃபில் பெருந்தொற்று மரணம் பூஜ்யம் என்று அறிக்கை போனது, பக்கத்து ஊர்களும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும் என்று மாவட்டத்திலிருந்து பதில் வந்தது. சிரில் இறந்ததற்கு அறிக்கையில் 'எதிர்பாரா விளைவு' என்று பெயர்.

இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்பது விதி. சம்பந்தப்பட்டவர்கள் என்று குழு எட்டு இடத்தை எடுத்துக்கொண்டது. குறிப்பெழுத நான் ஒன்பது. தகவல் தந்தவர் என்ற முறையில் ஐரீன் பத்து. கையில் மாவுக்கட்டோடும் காதில் தையலோடும் வந்த நாரிஸைத் தகனக்கூட வாசலில் தடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் அவர் இன்னும் இல்லை.

டாக்டரம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். "சிரிலை நாம இழந்துட்டோம்னு நான் நினைக்கலை. அவர் நமக்குப் பின்னூட்டமா மாறியிருக்கார். தனி மனுஷனா இருந்தவரை இந்த ஊருக்கு அவரால என்ன பிரயோசனம்னு யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு அவர் ஒரு பாடம். என் அடுத்த புத்தகத்துல ரெண்டாவது அத்தியாயமே அவர்தான். என்னால அவரைக் காப்பாத்த முடியாம இருந்திருக்கலாம், ஆனா அவரைப் புரிஞ்சுக்க முடிஞ்சுது."

ஐரீன் எழுந்தார். கம்பை நாற்காலியில் சாய்த்து வைத்தார். வெறுங்கையோடு நடந்து, டாக்டரம்மாவின் மூச்சுக்காற்று படுகிற தூரத்துக்குப் போய் நின்றார்.

"மன்னிச்சுக்கோ கண்ணு," என்றார். பிறகு முஷ்டியை மடக்கி மூக்கில் குத்தினார். டாக்டரம்மா பூச்சட்டிகளோடு சரிந்தார். ஐரீன் குனிந்து இன்னொரு குத்து விட்டார். மூன்றாவது குத்தைத் தடுக்கக் கவுன்சிலர் கம்போடு வந்தார். ஐரீன் கம்பை வெடுக்கென்று பிடுங்கி அதாலேயே அவர் தாடையில் ஓங்கி அடித்தார், கட்டுப்பல் மறுபடியும் பறந்தது. நான் எழுதவில்லை. பெருந்தொற்று தொடங்கிய பிறகு ஒரு சம்பவத்தை நான் எழுதாமல் விட்டது அதுதான் முதல் தடவை. மனசார ரசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

போலீஸ் வந்து ஐரீன்மீது வழக்குப் பதிவு செய்தது. அடித்ததற்கு இல்லை, இரண்டு மீட்டருக்குள் போனதற்கு. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே குட்டைச் சுவரில் நாரிஸ் உட்கார்ந்திருந்தார். ஐரீன் போய் அவர் பக்கத்தில், தோள் படும்படி உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தயங்கி மறுபக்கம் உட்கார்ந்தேன். புகைபோக்கியில் புகை வர ஆரம்பித்திருந்தது. ஐரீனின் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன.

"பத்தொம்பது வருஷமா பக்கத்து வீடு," என்றார் ஐரீன். "அவருக்காக அவ்வளவு நேரம் தட்டினேன். ஒரு தடவை அவர் கதவைத் தட்டிப் பாத்திருக்கலாம்."

நாரிஸ் மாவுக்கட்டுக் கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் அந்தத் தெருவில் பால் ஊற்றியவர்.

"நீ தொந்தரவுன்னு நினைச்சே கண்ணு," என்றார். "நான் அப்படி நினைச்சதே இல்லை. பாட்டில் நின்னா தட்டுவேன், என்னைக்கும் யார்கிட்டயும் கேட்டதில்லை. அன்னிக்கு மட்டும், எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியலை, போய் அனுமதி கேட்டேன்."